தாத்தாவின் புத்தகத்தை மின்னூலாக்குவது எப்படி: ஒரு முழுமையான வழிகாட்டி

என் தாத்தா ஒரு பள்ளிக்கூட வாத்தியார். எங்கள் ஊர்க் கண்மாயைப் பற்றி 1954இல் 64 பக்கத்தில் ஒரு சிறு நூல் எழுதி, கைக்காசு போட்டு அச்சடித்தார். எந்த மடையில் யார் வயலுக்கு எத்தனை நாழிகை தண்ணீர், மிகுந்த நீர் வழிந்தோடும் கலுங்கு எந்த ஆண்டு உடைந்தது, கரையைக் கட்ட வீட்டுக்கு எத்தனை ஆள் வந்தார்கள் என்று எல்லாம் அதில் இருக்கிறது. எங்களுக்குத் தெரிந்து இன்று மிஞ்சியிருப்பது ஒரே ஒரு பிரதி. அட்டை இல்லை, ஓரமெல்லாம் பொடிப்பொடியாக உதிர்கிறது.

அதை மின்னூலாக்க எனக்கு எட்டு மாதம் ஆனது. அதில் பாதி தெரியாமல் செய்த தப்புகளைத் திருத்துவதிலேயே போனது. உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படி ஒன்று இருக்கலாம். குலதெய்வக் கோயில் வரலாறு, சித்த வைத்தியக் குறிப்பு, நாடக நோட்டு, ஊர்ச் சங்கத்தின் ஆண்டு மலர். அப்படியானால் இது உங்களுக்காகத்தான்.

முதலில் ஒரு விஷயம். பக்கங்களைப் போட்டோ எடுத்து ஒரு பிடிஎஃப் கோப்பாகக் கட்டிவிட்டால் மின்னூல் ஆகிவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அது புத்தகத்தின் படம் மட்டுமே. அதற்குள் ஒரு சொல்லைத் தேட முடியாது. கைப்பேசியில் எழுத்தைப் பெரிதாக்கினால் வரி திரைக்கு வெளியே ஓடிவிடும். கண் தெரியாதவரின் கணினியில் அதைத் திறந்தால், திரையிலிருப்பதை வாசித்துக்காட்டும் திரைவாசிப்பான் ஒரு வார்த்தை பேசாது. படத்திலிருக்கும் எழுத்து உண்மையான எழுத்தாக மாறினால்தான் மின்பதிப்பு என்ற பேச்சே தொடங்கும்.

ஏற்கெனவே யாராவது செய்திருக்கிறார்களா?

வேலையைத் தொடங்கும் முன் இரண்டு நாள் தேடுங்கள். நீங்கள் ஸ்கேன் செய்யப் போகும் நூலே எங்காவது இருக்கலாம். உங்கள் பிரதியில் இல்லாத பக்கம் வேறொரு பிரதியில் இருக்கலாம்.

தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றும் வேலை வெறும் தன்னார்வத்தில் தொடங்கியது. 1971இல் அமெரிக்காவில் மைக்கேல் ஹார்ட் என்ற மாணவர் ஒரு பல்கலைக்கழகக் கணினியில் அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தைத் தட்டச்சு செய்து வைத்தார். இலவச மின்னூல்களைத் தரும் குட்டன்பர்க் திட்டம் அப்படித்தான் பிறந்தது. அதே வழியில், 1998 பொங்கல் நாளில் சுவிட்சர்லாந்திலிருந்த முனைவர் கு. கல்யாணசுந்தரம் மதுரைத் திட்டத்தைத் தொடங்கினார். உலகின் பல மூலைகளில் இருந்த தமிழர்கள் மாலை நேரங்களில் உட்கார்ந்து சங்க இலக்கியத்தையும் பக்தி நூல்களையும் பக்கம் பக்கமாகத் தட்டினார்கள், மூலத்தோடு ஒப்பிட்டுப் பிழை திருத்தி மெய்ப்புப் பார்த்தார்கள். இன்று நாம் ஒரு சங்கப் பாடல் வரியைத் தேடியவுடன் அது கிடைக்கிறதென்றால் அதற்குப் பின்னால் அவர்களின் உழைப்பு இருக்கிறது.

மற்ற இடங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2001இல் தொடங்கிய தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய அச்சு நூல்களும் பருவ இதழ்களும் ஸ்கேன் வடிவில் நிறைய உண்டு. சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், கோட்டையூரில் ஒரு தனி மனிதர் வாழ்நாள் முழுக்கச் சேர்த்த புத்தகங்களிலிருந்து 1994இல் உருவானது. துண்டறிக்கை, பாட்டுப் புத்தகம், தெருவில் மலிவு விலைக்கு விற்ற குஜிலி நூல் என்று வேறெங்கும் கிடைக்காதவற்றை அங்கே தேடலாம். இலங்கை சார்ந்த எதுவானாலும் நூலகம் நிறுவனத்தின் தளத்துக்குப் போங்கள். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. ஓலைச்சுவடிகளும் அதில் போயின. ஒரே ஒரு பிரதியை ஒரே இடத்தில் வைப்பதன் விலையை அந்த மண் நேரில் கண்டது. 2005இல் தொடங்கிய நூலகம் தளத்தில் ஈழத்து நூல், இதழ், பத்திரிகை, நினைவு மலர் எல்லாம் சேர்ந்துகொண்டே இருக்கின்றன. அப்புறம் விக்கிப்பீடியாவின் சகோதரத் தளமான விக்கிமூலம், இன்டர்நெட் ஆர்க்கைவ், ஆய்வேடுகளுக்கு சோத்கங்கா. இவற்றையும் விடாதீர்கள்.

தேடுவதில் ஒரு நுணுக்கம் உண்டு. பல தளங்களில் தமிழ் நூலின் தலைப்பு ஆங்கில எழுத்தில்தான் பதிவாகியிருக்கும், அதுவும் ஆளுக்கொரு விதமாக. ழகரத்தை ஒருவர் எல் என்பார், இன்னொருவர் இசட்எச் என்பார். இன்டர்நெட் ஆர்க்கைவில் ஏறியிருக்கும் பழைய இந்திய ஸ்கேன்களில் தலைப்பே சிதைந்து கிடக்கும். ஆகவே தலைப்பை நம்பாமல் ஆசிரியர் பெயர், அச்சகம் இருந்த ஊர், ஆண்டு என்று மாற்றி மாற்றித் தேடுங்கள். தமிழிலும் அப்படித்தான். கலுங்கு என்று தேடி ஒன்றும் வராவிட்டால் கலிங்கு, கழுங்கு என்று போட்டுப் பாருங்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி இப்போது சிகாகோ பல்கலைக்கழகத்தின் தளத்தில் தேடக்கூடிய வடிவில் இருக்கிறது. பழைய நூலில் வரும் வட்டாரச் சொல் உண்மையா, அச்சுப் பிழையா என்று பார்க்க நான் தினமும் திறந்தது அதைத்தான்.

உரிமை யாருடையது?

இந்தியாவில் ஆசிரியர் இறந்த பிறகு 60 ஆண்டு வரை பதிப்புரிமை உண்டு. கணக்கு, அவர் இறந்ததற்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து ஓடும். இலங்கையில் 70 ஆண்டு. என் தாத்தா 1971இல் இறந்தார், ஆகவே 2031 முடியும் வரை உரிமை வாரிசுகளிடம். அப்பா, பெரியப்பா, அத்தை மூவரிடமும் ஒரு பக்கக் கடிதத்தில் கையெழுத்து வாங்கினேன். "நம்ம அப்பா புஸ்தகத்துக்கு நாம எதுக்குப்பா கையெழுத்து?" என்று அத்தை கேட்டார். பின்னாளில் எந்தத் தளத்தில் ஏற்றப் போனாலும் கேட்கும் முதல் கேள்வி இதுதான் என்று விளக்கிச் சொன்ன பிறகு போட்டுக்கொடுத்தார்.

தமிழ்நாடு அரசு நாட்டுடைமையாக்கிய எழுத்தாளர்கள் நூற்றுக்கும் மேற்பட்டோர் இருக்கிறார்கள். அவர்களின் எழுத்தை 60 ஆண்டு காத்திராமல் யாரும் பதிப்பிக்கலாம். ஆனால் பட்டியலில் பெயரைச் சரிபார்த்துவிட்டுத் தொடங்குங்கள். இன்னொன்றையும் கவனியுங்கள். மூலநூல் பொதுவுடைமையாக இருந்தாலும், அதற்கு அண்மையில் ஒருவர் எழுதிய முன்னுரையும் உரையும் அவருக்கே சொந்தம். அந்தப் பக்கங்களை விட்டுவிட வேண்டும்.

உரிமை உங்களிடம் இருந்தால், எந்த அனுமதியோடு வெளியிடப் போகிறீர்கள் என்பதை இப்போதே முடிவு செய்யுங்கள். கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் யாரும் நகலெடுக்கலாம், பகிரலாம். ஆசிரியர் பெயரைச் சொல்ல வேண்டும் என்ற நிபந்தனை மட்டும் வைத்தும் விடலாம். வணிகத்துக்குக் கூடாது என்றும் சேர்க்கலாம். அப்படிச் சேர்த்தால் விக்கிமூலத்தில் ஏற்ற முடியாது என்பதை நினைவில் வையுங்கள்.

ஸ்கேன்

பழைய தாள் சருகு மாதிரி. புத்தகத்தை முழுக்க விரித்து ஸ்கேனர் கண்ணாடியில் அழுத்தினால் முதுகு உடைந்துவிடும். கிழிந்த இடத்தில் செலோடேப் ஒட்டவே ஒட்டாதீர்கள். சில ஆண்டில் அந்தப் பசை தாளைப் பழுப்பாக்கி, எழுத்தையும் சேர்த்துத் தின்றுவிடும்.

நான் கைப்பேசியைத்தான் பயன்படுத்தினேன். காலை வெளிச்சம் வரும் திண்ணையில், நேர் வெயில் படாத இடத்தில் புத்தகத்தை வைத்து, கைப்பேசியை ஒரு ஸ்டாண்டில் மேலிருந்து செங்குத்தாகப் பொருத்தி, முதலில் வலப்பக்கங்களை எல்லாம், பிறகு இடப்பக்கங்களை எல்லாம் எடுத்தேன். ஃப்ளாஷ் வேண்டாம், தாளில் வெள்ளைத் திட்டு விழும். மெல்லிய தாளில் பின்பக்க எழுத்து ஊடுருவித் தெரிந்தால் பக்கத்தின் அடியில் ஒரு கறுப்பு அட்டையைச் செருகுங்கள். இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை, இருபது பக்கம் வீணான பிறகுதான் கண்டுபிடித்தேன். ஸ்கேனர் கிடைத்தால் அங்குலத்துக்கு 300 புள்ளி போதும். எழுத்து பொடிசாக இருந்தால் 400 வைத்துக்கொள்ளுங்கள்.

எடுத்த மூலப்படங்களைத் தொடாமல் ஒரு தனிக் கோப்புறையில் வையுங்கள். நகலில்தான் வெட்டுவதும் நிமிர்த்துவதும். ஸ்கேன்டெய்லர் என்ற இலவச மென்பொருள் கோணலான பக்கத்தை நேராக்கி, ஓரத்தைச் சீவி, பின்னணிப் பழுப்பை நீக்கித் தரும். கோப்புக்குப் பெயர் வைக்கும்போது அச்சிட்ட பக்க எண்ணையே போடுங்கள். 7ஆம் பக்கத்துக்கு 007. மெய்ப்புப் பார்க்கும்போது இந்த ஒழுங்கு கை கொடுக்கும்.

படத்திலிருந்து எழுத்துக்கு

இதற்கு ஓசிஆர் என்று பெயர், தமிழில் எழுத்துணரி என்கிறார்கள். இரண்டு வழி எளிது. கூகுள் டிரைவில் பக்கப் படத்தை ஏற்றி, அதைக் கூகுள் டாக்ஸில் திற என்று சொன்னால் படத்துக்குக் கீழே எழுத்து வந்து நிற்கும். டெசராக்ட் என்ற கட்டற்ற மென்பொருளை உங்கள் கணினியிலேயே நிறுவி, எல்லாப் பக்கத்தையும் ஒரே மூச்சில் ஓட்டலாம். புதிய அச்சு என்றால் இரண்டும் நன்றாகவே படிக்கின்றன.

பழைய அச்சுக்குத்தான் சிக்கல். 1978இல் எழுத்துச் சீர்திருத்தம் வருவதற்கு முன் ணை, லை, ளை, னை ஆகியவற்றை எழுத்தோடு சேர்ந்த தும்பிக்கை போன்ற வளைவை வைத்து எழுதினோம். ணா, றா, னா மூன்றும் எழுத்தோடு ஒட்டிய சுழியாக இருந்தன. புதிய எழுத்தில் பழகிய எழுத்துணரிக்கு இந்த வடிவங்கள் புரிவதில்லை. "இல்லை" என்பதை "இல்லே" என்று தரும். "ஆனால்" என்பது "ஆனல்" ஆகும், "என்றால்" என்பது "என்ருல்" ஆகும்.

இவை கண்ணுக்குத் தட்டும் பிழைகள், பிடித்துவிடலாம். என்னை உண்மையில் பயமுறுத்தியது வேறு. தாத்தாவின் நூலில் ஒரு வெள்ளத்தின் கதை வருகிறது. அதில் ஒரு வரி: "நடுச்சாமத்தில் மடையனை எழுப்பி விட்டான்." யாரோ ஒருவன் ஓடிவந்து மடை திறப்பவரை எழுப்பியிருக்கிறான். எழுத்துணரி தந்தது: "நடுச்சாமத்தில் மடையனே எழுப்பி விட்டான்." இப்போது மடைக்காரரே ஊரை எழுப்பினார் என்று ஆகிவிட்டது. தூங்கியவர் காவல் காத்தவராகிவிட்டார். இரண்டு வாக்கியமும் இலக்கணப்படி சரி. எந்தப் பிழைதிருத்தியும் இதற்குச் சிவப்புக் கோடு போடாது. ஒரு மனிதர் மூலப் பக்கத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுத்தெழுத்தாகப் படித்தால் மட்டும்தான் இது பிடிபடும்.

ஆகவே 1978க்கு முந்தைய நூல் என்றால் ணே, லே, ளே, னே ஆகிய நான்கையும் தேடல் பெட்டியில் போட்டு, வரும் ஒவ்வோர் இடத்தையும் மூலத்தோடு ஒப்பிடுங்கள். ஒரேயடியாக மாற்று என்ற பொத்தானை அழுத்தவே அழுத்தாதீர்கள். உண்மையான "அவனே"க்களும் அங்கே இருக்கும்.

அடுத்தது தமிழ் எண்கள். தாத்தா பழைய ஆவணம் ஒன்றை அப்படியே எடுத்துக்காட்டியிருந்தார். அதில் எண்கள் தமிழில். ஒன்று என்பதற்கான ௧ பார்வைக்குக் ககரம் போலவே இருக்கும், ௨ உகரம் போல, ௭ எகரம் போல, ௮ அகரம் போல. எழுத்துணரி எல்லாவற்றையும் எழுத்தாகவே எடுத்துக்கொண்டது. "மடை எ" என்று வந்தால் படிப்பவருக்கு என்ன புரியும்? யூனிகோடு எனப்படும் ஒருங்குறியில் எண்களுக்குத் தனி இடம் இருக்கிறது, அதைத்தான் தட்ட வேண்டும். பக்கத்திலேயே வழக்கமான இலக்கத்தையும் பகர அடைப்பில் கொடுத்துவிட்டால் இன்றைய வாசகருக்கு உதவி.

பழைய அச்சகக் கோப்பு கையில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 1990களிலும் அதற்குப் பிறகும் பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் கோத்த நூல்கள் பெரும்பாலும் ஒருங்குறியில் இல்லை. பாமினி, ஸ்ரீலிபி, வானவில், டாம், டாப், டிஸ்கி என்று ஏகப்பட்ட எழுத்துரு முறைகள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். அழிந்துவிட்டது என்று தூக்கிப் போடாதீர்கள். சுரதாவின் பொங்குதமிழ், என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற மாற்றிகளில் ஒட்டி, எந்த முறை என்று கண்டுபிடித்தால் நொடியில் தமிழாக வந்துவிடும். தாத்தா நூலுக்கு ஒரு மறுபதிப்புப் போட அப்பா 2003இல் ஓர் அச்சகத்தில் கொடுத்து, பாதியில் நின்றுபோயிருந்தது. அவர்கள் கொடுத்த சிடியை இப்போது எந்தக் கணினியும் படிக்கவில்லை. அந்தக் கோப்பு இருந்திருந்தால் எனக்கு நான்கு மாதம் மிச்சம்.

மெய்ப்பு

இந்த வேலையின் உயிர் இதில்தான் இருக்கிறது. ஒரு பக்கத்தில் 1,200 எழுத்து என்று வையுங்கள். எழுத்துணரி நூற்றுக்கு 98 சரியாகப் படித்தாலும் பக்கத்துக்கு 24 பிழை. 64 பக்கத்துக்கு ஆயிரத்தைநூறுக்கு மேல்.

முதல் சுற்றில் மூலப்படம் இடப்பக்கம், எழுத்து வலப்பக்கம் என்று வைத்து ஒப்பிட்டேன். இரண்டாம் சுற்றில் என் தங்கை சத்தமாகப் படிக்க, நான் மூலத்தைப் பார்த்தேன். காது பிடிக்கும் பிழை தனி. "காரணம்" என்பதில் ரகரத்துக்குப் பதில் துணைக்காலைப் போட்டு "காாணம்" என்று இருந்ததைக் கண் மூன்று முறை தாண்டியது. தங்கையின் நாக்குத்தான் தடுக்கி நின்றது.

கண்ணுக்கே தெரியாத பிழைகளும் உண்டு. "ஔவையார்" என்பதில் ஔ ஓர் எழுத்து. பலர் ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்துத் தட்டி "ஒளவையார்" என்று வைத்துவிடுகிறார்கள். திரையில் ஒன்று போலத்தான் இருக்கும். ஆனால் ஒன்றைத் தேடினால் மற்றது கிடைக்காது, திரைவாசிப்பானும் "ஒள-வையார்" என்றுதான் படிக்கும். "கொ" என்பதையும் ஒற்றைக் கொம்பும் காலுமாகத் தனித்தனியாகத் தட்டியிருந்தால் சில மென்பொருள்களில் தேடல் தவறும். இப்படிப் பிரிந்து கிடக்கும் குறிகளை ஒன்றாக்கும் ஒருங்குறி இயல்பாக்கத்தில் கோப்பு முழுவதையும் ஒருமுறை ஓட்டிவிடுவது நல்லது.

சரி, மூலத்திலேயே அச்சுப் பிழை இருந்தால்? தாத்தா எழுதியதைத் திருத்த நமக்கு உரிமை கிடையாது என்பது என் கருத்து. தெளிவான அச்சுக்கோப்புப் பிழையை மட்டும் திருத்தி, நூலின் கடைசியில் ஒரு பட்டியலாகச் சொல்லிவிட்டேன். நடையையும் சந்தியையும் வட்டாரச் சொல்லையும் தொடவில்லை. "நாழிகை" என்பதை நிமிடமாக மாற்றச் சொன்ன நண்பரிடம் முடியாது என்று சொல்லிவிட்டேன்.

விக்கிமூலம் இந்த வேலைக்கு நல்ல முன்மாதிரி. அங்கே தமிழ் இணையக் கல்விக்கழகம் கொடுத்த ஈராயிரத்துக்கும் மேற்பட்ட நாட்டுடைமை நூல்களின் பக்கங்கள் இருக்கின்றன. ஒருவரும் பார்க்காத பக்கம் சிவப்பு, ஒருவர் மெய்ப்புப் பார்த்தது மஞ்சள், இரண்டாமவர் சரிபார்த்தது பச்சை. ஒருவரே இரண்டையும் செய்ய முடியாது. உங்கள் சொந்த நூலைத் தொடங்கும் முன் அங்கே பத்துப் பக்கம் மெய்ப்புப் பார்த்துப் பழகுங்கள். கையும் பழகும், தமிழுக்கும் பத்துப் பக்கம் கிடைக்கும்.

நூலாகக் கட்டுவது

மின்னூலுக்குப் பொது வடிவம் இபப். 2007இல் தரமாக அறிவிக்கப்பட்டது, இப்போது புழக்கத்தில் இருப்பது மூன்றாம் பதிப்பு. உள்ளே பார்த்தால் பெரிய மர்மம் எதுவும் இல்லை. ஒரு சின்ன வலைத்தளத்தைச் சுருக்கி ஒரே பொட்டலமாகக் கட்டியதுதான். ஒவ்வோர் அதிகாரமும் ஒரு வலைப்பக்கம், தோற்றத்துக்கு ஒரு கோப்பு, உள்ளடக்கப் பட்டியல் ஒன்று, நூலைப் பற்றிய விவரம் ஒன்று. எழுத்தின் அளவையும் வரியின் நீளத்தையும் வாசகரின் கருவி தீர்மானிக்கும். அதனால்தான் சின்னக் கைப்பேசியிலும் வரி மடங்கி அழகாக நிற்கிறது.

லிப்ரெஓபிஸிலோ கூகுள் டாக்ஸிலோ நூலை முழுதாக அமைத்து, இபப் ஆக இறக்கிக்கொள்ளலாம். ஒரு நிபந்தனை உண்டு. அதிகாரத் தலைப்பைப் பெரிய தடித்த எழுத்தில் போட்டால் போதாது, தலைப்பு என்ற பாணியைக் கொடுத்திருக்க வேண்டும். உள்ளடக்கப் பட்டியல் அதிலிருந்துதான் தானாக உருவாகும். பிறகு சிகில் என்ற இலவச மென்பொருளில் திறந்து நுணுக்க வேலை பாருங்கள்.

பாட்டு இருந்தால் பொறுமை வேண்டும். வெண்பாவின் அடி கைப்பேசியில் மடங்கினால் எது அடி, எது மடிப்பு என்று தெரியாமல் போகும். ஒவ்வோர் அடியையும் தனிப் பத்தியாக்கி, மடங்கும் பகுதி சற்று உள்ளே தள்ளி வருமாறு பாணி கொடுத்தால் யாப்பு கெடாது. ஸ்பேஸ் பொத்தானை அடித்து அடித்து இடம் விடாதீர்கள்.

எழுத்துருவை உள்ளேயே வைத்துவிடுங்கள். பழைய வாசிப்புக் கருவிகள் சிலவற்றில் தமிழ் கட்டம் கட்டமாகத் தெரியும். நோட்டோ செரிஃப் தமிழ் போன்ற கட்டற்ற உரிம எழுத்துருவைச் சேர்த்தால் அந்தக் கவலை குறையும். மொழி விவரத்தில் தமிழ் என்று குறிக்க மறக்காதீர்கள். பல மென்பொருள்கள் தாமாக ஆங்கிலம் என்று போட்டுவிடும். அப்படி விட்டால் வாசித்துக்காட்டும் செயலி தமிழை ஆங்கிலக் குரலில் படிக்க முயன்று திணறும். படங்களுக்கு மாற்று விளக்கம் எழுதுங்கள். தாத்தா கையால் வரைந்த கண்மாய் வரைபடத்துக்கு, கிழக்கே கலுங்கு, வடகரையில் மடைகள் வரிசையாக என்று நான்கு வரி எழுதினேன். பார்வையில்லாத வாசகருக்கு அந்த நான்கு வரிதான் வரைபடம்.

அச்சுப் பக்க எண்களையும் மின்னூலுக்குள் குறித்து வையுங்கள். நாளை ஓர் ஆய்வாளர் மேற்கோள் காட்டும்போது பக்கம் 41 என்று சொல்ல முடியும்.

கடைசியில் இபப்செக் என்ற சோதனையில் ஓட்டிப் பிழையே இல்லை என்று வரும் வரை திருத்துங்கள். அப்புறம் குறைந்தது மூன்று கருவியில் திறந்து பாருங்கள். ஒன்று விலை குறைந்த பழைய கைப்பேசியாக இருக்கட்டும்.

எங்கே ஏற்றுவது, விற்கலாமா

இலவசமாகக் கொடுப்பதென்றால் 2013 முதல் இயங்கும் ஃப்ரீதமிழ்இபுக்ஸ் குழுவுக்கு எழுதுங்கள். கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் பல வடிவங்களில் வெளியிடுகிறார்கள். கூடவே இன்டர்நெட் ஆர்க்கைவில் ஸ்கேனையும் இபப்பையும் சேர்த்து ஏற்றிவிடுங்கள். மூலப்படமும் எழுத்தும் ஒரே இடத்தில் இருந்தால் சந்தேகம் வருபவர் தானே சரிபார்த்துக்கொள்ளலாம். ஏற்றும்போது தலைப்பு, ஆசிரியர், ஆண்டு, ஊர், பொருள் ஆகியவற்றைத் தமிழிலும் ஆங்கில எழுத்திலும் நிரப்புங்கள். இதில் சோம்பல் பட்டால், இருந்தும் இல்லாத நூலாகிவிடும்.

விற்பதென்றால் அமேசான் கிண்டில் தமிழை ஏற்கிறது. 35 அல்லது 70 விழுக்காடு உரிமைத்தொகை. இந்தியாவில் விற்கும் பிரதிக்கு 70 வேண்டுமானால் கேடிபி செலக்ட் என்ற அமேசான் திட்டத்தில் சேர வேண்டும். சேர்ந்தால் 90 நாள் அந்த மின்னூல் வேறெங்கும், இலவசமாகக்கூட, இருக்கக் கூடாது. இது தெரியாமல் இரண்டிலும் போட்டுச் சிக்கிக்கொண்டவர்களை அறிவேன். ஊர் வரலாறு போன்ற நூலை விலைக்குப் பின்னால் பூட்டி வைக்க எனக்கு மனம் வரவில்லை. நாவலோ கதையோ எழுதுபவர் கணக்கு வேறு.

நூல்களுக்கான சர்வதேச அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன் மின்னூலுக்குக் கட்டாயமில்லை. வேண்டுமென்றால் இந்தியாவில் ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை கட்டணமின்றித் தருகிறது. அச்சுக்கும் இபப்புக்கும் தனித்தனி எண்.

பாதுகாப்பும் திருத்தமும்

மூலப்படம், எழுத்துக் கோப்பு, இபப் மூன்றையும் குறைந்தது மூன்று இடத்தில் வையுங்கள். ஒன்று வேறு ஊரில் இருக்கட்டும். எங்கள் நூலின் ஒரு பிரதி திருச்சியில் அத்தை வீட்டு ஹார்ட் டிஸ்கில் இருக்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை, பொங்கலுக்கு எல்லோரும் கூடும்போது, திறக்கிறதா என்று பார்த்துவிடுவோம். எழுத்தை எந்த மென்பொருளும் திறக்கக்கூடிய வெற்று உரைக் கோப்பாகவும் ஒன்று வையுங்கள். சிடி கதை இன்னொருமுறை நடக்க வேண்டாம்.

மின்னூலின் பெரிய வசதி, வெளிவந்த பிறகும் திருத்தலாம் என்பதுதான். முதல் பக்கத்திலேயே பதிப்பு எண்ணும் தேதியும் போடுங்கள். திருத்தினால் எண்ணை ஏற்றி, என்ன மாறியது என்று ஒரு வரி எழுதுங்கள்.

எங்கள் நூல் வெளிவந்த மறுவாரம் பெரியப்பா அழைத்தார். வயது 83, இரண்டு கண்ணிலும் புரை அறுத்தவர். அச்சு எழுத்தைப் படித்து ஆறு வருடம் ஆகிறது. கைப்பேசியில் எழுத்தைக் கட்டைவிரல் அளவுக்குப் பெரிதாக்கி, நாளுக்கு நாலு பக்கமாகப் படித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"ஏப்பா, 41ஆம் பக்கத்துல எட்டு மடைன்னு போட்டிருக்கியே. நம்ம கண்மாய்க்கு ஏழு மடைதான்."

மூலப்படத்தைத் திறந்து பெரிதாக்கிப் பார்த்தேன். மை பரவிய ௭. நான்தான் ௮ என்று படித்திருக்கிறேன். என் தங்கையும் நான் சொன்னதை நம்பிவிட்டாள். அன்றிரவே திருத்தி, 1.1 என்று பதிப்பு எண்ணை மாற்றி, திருத்தப் பட்டியலில் பெரியப்பாவின் பெயரைச் சேர்த்து ஏற்றினேன். அவர் இப்போது 50ஆம் பக்கத்துக்கு வந்திருக்கிறார்.